பாசிசம் என்னும் சொல்லும் அது பிறந்த வரலாறும்

மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டார்க்குச் சில சொற்கள் தீராத் தொல்லை தருவன. அவற்றுள் ஒன்று 'பாசிசம்' என்பது. அண்மையில் எம் துறை முதுகலை மாணவர் சிலர் அரசியற் கலைச்சொற்களைத் தொகுக்கப் புகுந்தபொழுது இச்சொல்லுக்கு நேராகக் 'கொடுங்கோன்மை' என்று எழுதி வந்தனர். வேறு சிலர் 'வல்லாட்சி' என்றனர். ஒருவர், 'சர்வாதிகாரம் என்னும் வழக்குச் சொல்லே போதுமே' என்றார். மூன்றும் பொருந்தா என்று யான் கூறினேன். ஏன் பொருந்தா என்பதை எழுதித் தருக என்று அவர்கள் கேட்டனர். அவ்வேண்டுகோளின் பயனே இக்கட்டுரை. வரலாற்றுத் துறையார் இதன்கண் புதுமை மிகக் காணார். எனினும் ஒரு சொல்லின் வழிநின்று ஒரு காலத்தை நோக்குதல் இலக்கிய மாணவர்க்கு ஏற்ற முறை என்பது எம் கருத்து.

திருக்குறளில் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்கள். கோல் ஒன்றே; அது நேராக நிற்பின் செங்கோல், வளையின் கொடுங்கோல். அரசனுக்கு வெளியே முறை என ஒன்று உண்டு என்பதும், அம்முறையை வைத்தே அவன் கோலின் நேர்மையும் வளைவும் அளக்கப்படும் என்பதும் இச்சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றன. கொடுங்கோலன் குடிகளிடம் வேண்டுவன பொருளும் பணிவும். அவர்கள் தன்னைப் போற்றி ஊர்வலம் வரவேண்டும் என்றோ, தன்னைப் போல் உடுத்துத் தன்னைப் போல் எண்ண வேண்டும் என்றோ அவன் கருதியவன் அல்லன். குடிகள் வாய் மூடி இருப்பின் அவனுக்கு அமையும். பாசிசமோ குடிகளை வாளா இருக்க விடாது. சட்டையின் நிறம், கை தூக்கி வணங்கும் முறை, பிள்ளைகள் விளையாட்டு, ஒருவரை ஒருவர் விளிக்கும் சொல் ஆகிய இவை யாவும் அதற்கு அரசியலே. மக்கள் பெருந்திரளாக வாக்களிக்கவும், செய்தித்தாள் படிக்கவும், போருக்குச் செல்லவும் தொடங்கிய பின்னரே இத்தகைய ஆட்சி தோன்றுதல் இயலும். கொடுங்கோன்மை எக்காலத்தும் நிகழ்வது; பாசிசத்துக்குப் பிறந்த நாளும் ஊரும் உள.

சொல்லின் வேரை முதற்கண் காண்போம். இலத்தீன் மொழியில் 'பாஸ்கிஸ்' என்றால் கட்டு, அதாவது கோல்களைச் சேர்த்துக் கட்டிய கட்டு. அதன் பன்மை 'பாஸ்கேஸ்'. பண்டை உரோமில் உயர் அதிகாரிகள் வெளியே செல்லுங்கால் லிக்டர் எனப்பட்ட ஏவலர் இக்கட்டினை இடத்தோளில் சுமந்து முன்னே செல்வர். தோல்வாரால் இறுகக் கட்டிய கோல்களின் இடையே ஒரு கோடரி செருகப்பட்டிருக்கும். கோல் அடிப்பதற்கு, கோடரி தலை கொய்வதற்கு. கான்சல் என்னும் தலைமை அதிகாரிக்குப் பன்னிரு லிக்டர். இவ்வழக்கம் எட்ரஸ்கர் என்னும் பழங்குடியினரிடமிருந்து உரோமர்க்கு வந்தது என்பர். எட்ரஸ்கரின் பழைய ஊர்களுள் ஒன்றாகிய வெத்துலோனியாவில் கல்லறை ஒன்றினுள் இரும்பாற் செய்த சிறிய கட்டு ஒன்று கிடைத்துள்ளது.

இங்கு நம் மாணவர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உரோம் நகரின் எல்லைக்குள் நுழையும்பொழுது கான்சலின் ஏவலர் கட்டிலிருந்து கோடரியை எடுத்துவிடுவர். நகரத்துக் குடிமகன் ஒருவனுக்குக் கொலைத் தண்டம் விதிக்கப்படின், அவன் மக்கள் அவையை நோக்கி முறையிடலாம். அவ்வுரிமை இருக்கும் இடத்தில் அதிகாரியின் கோடரிக்கு இடமில்லை. இதற்கு விலக்கானவன் ஒருவன், அவனே டிக்டேட்டர். பேரிடர்க் காலத்தில் அமர்த்தப்படும் அவனுக்கு லிக்டர் இருபத்து நால்வர். நகரினுள்ளும் அவன் கட்டில் கோடரி நிற்கும். ஆனால் அவன் பதவிக் காலம் ஆறு திங்களுக்கு மிகாது. கி.மு. 82இல் சுல்லா கால வரையறையின்றி அப்பதவியைக் கொண்டான், கி.மு. 44இல் சீசர் வாழ்நாள் முழுமைக்கும் கொண்டான். ஆகவே 'சர்வாதிகாரம்' என்பதற்கு மூலமான சொல், தொடக்கத்தில் சட்டம் வரைந்த எல்லைக்குள் நின்ற ஒரு பதவியின் பெயரேயாகும். பாசிசத்தை அச்சொல்லால் குறிப்பின், அதிகாரத்தின் அளவு தெரியும். அதன் தன்மை தெரியாது.

இச்சின்னத்தைக் கண்ட இடமெல்லாம் பாசிசத்தைக் காண்பதும் பிழை. பிரெஞ்சுப் புரட்சியினர் கோல்கட்டினை ஒற்றுமையின் சின்னமாகக் கொண்டனர். அமெரிக்க நாட்டில் 1916 முதல் வழங்கிய பத்துச் சென்று நாணயத்தின் பின்புறத்தில் இதனைக் காணலாம். ஒரு கோல் எளிதில் முறியும், கட்டு முறியாது என்னும் கருத்தே அங்கெல்லாம் முதன்மை பெற்றது, கோடரி பின்னடைந்தது.

இத்தாலிய மொழியில் இச்சொல் 'பாஷியோ' என வழங்கும், பன்மை 'பாஷி'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இது தொழிலாளர் சங்கங்களுக்குரிய பெயராயிற்று. சிசிலித் தீவில் 1891 முதல் 1894 வரை குத்தகை உழவரும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரும் 'பாஷி' என்னும் பெயரால் கூடிக் குத்தகையையும் கூலியையும் திருத்துமாறு போராடினர். தாமும் சிசிலியராகிய தலைமை அமைச்சர் கிரிஸ்பி 1894ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் படையாட்சியை அறிவித்து அவ்வியக்கத்தை ஒடுக்கினார். ஏழை உழவர் கூடிய கூட்டத்தின் பெயர், முப்பது ஆண்டு கழியுமுன் ஏழை உழவரின் சங்கங்களை எரித்தவர்களின் பெயராயிற்று. சொற்பொருள் மாற்றத்துக்கு மொழிநூலார் காட்டும் எடுத்துக்காட்டுகளில் இதனையும் சேர்க்கலாம்.

அம்மாற்றம் நிகழ்ந்த வழி முதல் உலகப் போரின் ஊடே செல்கின்றது. 1914இல் இத்தாலி போரில் இறங்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் தம் குழுக்களுக்குப் 'பாஷி' என்று பெயரிட்டனர். சோசலிஸ்டுக் கட்சியின் நாளேடாகிய 'அவாந்தி'க்கு 1912ஆம் ஆண்டு இறுதியில் ஆசிரியரான முசோலினி, போரை எதிர்த்து எழுதிவந்தவர், திடீரென அணி மாறினார். 1914 நவம்பரில் அவர் தமக்கென ஒரு நாளேடு தொடங்கினார். அதே திங்களில் கட்சி அவரை நீக்கியது. போர் முடிந்தபின், 1919 மார்ச்சு 23ஆம் நாள், மிலான் நகரில் சான் செபோல்க்ரோ சதுக்கத்தை ஒட்டிய ஒரு மண்டபத்தில் அவர் கூட்டிய சிறு கூட்டமே பாசிச இயக்கத்தின் பிறப்பு. போரிலிருந்து மீண்ட வீரர், சோசலிசத்தை விட்டு வந்தோர், விரைவையும் பொறியையும் பாடிய புதுமைக் கவிஞர் எனப் பலவகையினர் ஆங்கிருந்தனர்.

அவ்வாண்டு சூனில் வெளியான அவர்களது திட்டத்தைப் படிப்பார் வியப்படைவர். எட்டு மணி வேலை, பெண்டிர்க்கு வாக்குரிமை, மேலவை ஒழிப்பு, போர்க்கால ஆதாயத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து பறிமுதல், சமய மடங்களின் சொத்துப் பறிமுதல் என்பன அதன் கூறுகள். இவற்றுள் பெரும்பாலன சில ஆண்டுகளில் மறைந்தன. கோட்பாடு முன்னே தோன்றிப் பின்னர் இயக்கம் எழுவது பொதுவழக்கு. பாசிசத்திலோ இயக்கம் முன்னது. கோட்பாடு பத்தாண்டு கழித்து எழுதப்பட்டது. இதனைக் கருதாது அதன் 'கொள்கை'யை நூல்களில் தேடுவார் இடர்ப்படுவர்.

1919 நவம்பர்த் தேர்தலில் மிலானில் அவர்கள் பெற்ற வாக்கு ஐயாயிரத்துக்கும் குறைவு. ஓர் இடமும் கிட்டவில்லை. மூன்று ஆண்டில் அவர்கள் நாட்டை ஆண்டனர். இடையில் நிகழ்ந்தது யாது? 1919, 1920 ஆகிய ஆண்டுகளில் வேலைநிறுத்தங்கள் பரவின. 1920 செப்டம்பரில் வடநாட்டுத் தொழிற்சாலைகளைத் தொழிலாளர் கைப்பற்றினர். போ ஆற்று வெளியில் எவர்க்கு எத்தனை நாள் வேலை என்பதை உழவுத் தொழிலாளர் சங்கங்களே வரையறுத்தன. அஞ்சிய நிலக்கிழார்கள் பாசிசக் கூட்டத்தாரை நாடினர். பொலோனா, பெராரா முதலிய மாவட்டங்களில் கருஞ்சட்டைப் படையினர் இரவில் லாரிகளில் ஏறிச் சென்று சங்கக் கட்டடங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் அச்சகங்களையும் எரித்தனர். சங்கத் தலைவர்களைத் தடியால் அடித்து, வாயில் விளக்கெண்ணெயை வலிந்து ஊற்றினர். கொல்லுதலினும் இழிவுபடுத்துதல் பயன் மிக்கது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிறர் சிரிக்க நின்றவன் மறுநாள் மேடை ஏறான். காவலரும் படைத்துறையினரும் பல இடங்களில் காணாதார் போல் இருந்தனர். 1921 மே தேர்தலில் முதுபெரும் அரசியலாளர் ஜியோலித்தி, பழக்கினால் அடங்குவர் எனக் கருதி அவர்களைத் தம் கூட்டணியிற் சேர்த்துக்கொண்டார். முப்பத்தைவர் மன்றம் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பரில் இயக்கம் கட்சியாயிற்று.

1922 அக்டோபர் 28இல் நிகழ்ந்த 'உரோம் நோக்கிய படையெழுச்சி'யைப் பாசிசத்தார் புரட்சி எனப் பாடினர். மழையில் நனைந்து, போதிய படைக்கலம் இன்றி நகருக்கு வெளியே காத்துநின்ற அக்கூட்டத்தை அரசின் படை எளிதில் கலைத்திருக்கும். தலைமை அமைச்சர் பாக்தா படையாட்சி அறிவிப்பை எழுதிக் கொணர்ந்தார். மூன்றாம் விக்டர் இம்மானுவேல் மன்னர் கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து இரவு இரயிலில் வந்து, மன்னர் அழைப்பின்பேரில் அமைச்சரவை அமைத்தார். அவைக்கு அவர் சென்றபொழுது ஆதரவாக 306 வாக்கும் எதிராக 116 வாக்கும் விழுந்தன. பாசிசக் கட்சியார் முப்பத்தைவரே என்பதை நினைவிற் கொண்டு இவ்வெண்ணை நோக்குக. எஞ்சிய வாக்கெல்லாம் அவர்களல்லாதார் அளித்தவை. வல்லாட்சி என்னும் சொல் ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. வலிமையால் மட்டும் வந்த ஆட்சியன்று இது.

பின்னர் நிகழ்ந்தவற்றுட் பலவும் சட்டத்தின் வாயிலாகவே நிகழ்ந்தன. 1923இல் இயற்றிய தேர்தற் சட்டத்தின்படி, முதலிடம் பெறும் பட்டியல் நூற்றுக்கு இருபத்தைந்து வாக்குப் பெறினும் மூன்றில் இரண்டு பங்கு இடம் அதற்கே. 1924 ஏப்பிரலில் நடந்த தேர்தலின் முறைகேடுகளை மே 30ஆம் நாள் அவையில் எடுத்துரைத்த சோசலிஸ்டு உறுப்பினர் மத்தேயோத்தி சூன் 10இல் கடத்திக் கொல்லப்பட்டார்; உடல் ஆகஸ்டில் கிடைத்தது. எதிர்க்கட்சியினர் அவையை நீங்கினர்; மன்னர் அசையவில்லை. 1925 சனவரி 3இல் முசோலினி அவையில் எழுந்து நடந்தவற்றுக்கெல்லாம் பொறுப்பு தமதே என்றார். 1926 இறுதிக்குள் பிற கட்சிகள் கலைக்கப்பட்டன. தனி வழக்குமன்றம் தோன்றியது.

இக்காலத்தில் பிறந்த மற்றொரு சொல்லையும் குறிப்பிடல் வேண்டும். இன்று 'முற்றாதிக்கம்' என நாம் மொழிபெயர்க்கும் 'தொத்தாலித்தாரியோ' என்னும் சொல் பாசிசத்தின் எதிரி ஒருவரின் ஆக்கம். சியோவன்னி அமெந்தோலா என்னும் தாராளக் கொள்கையர் 1923 மே திங்களில் தம் நாளேட்டில் அதனை வழங்கினார். உள்ளாட்சித் தேர்தல்களில் பெரும்பான்மைப் பட்டியலையும் சிறுபான்மைப் பட்டியலையும் பாசிசத்தாரே நிறுத்தினர். எதிர்க்கட்சிக்கென விட்ட சில இடங்களும் அவர்களுக்கே. இம்முறைக்கு ஒரு பெயர் வேண்டி அவர் இச்சொல்லைப் படைத்தார். 1925இல் முசோலினி அதனைத் தம் பெருமையாக ஏற்றுக்கொண்டார். வசையை விருதாக்கிக் கொண்ட விந்தை இது. அமெந்தோலா அதே ஆண்டு சூலையில் தாக்கப்பட்டு, 1926 ஏப்பிரலில் பிரான்சு நாட்டில் இறந்தார்.

பிற நாட்டு ஆட்சிகளைப் பற்றி விரிப்பின் பெருகும். செருமானிய நாட்சியம் இனக் கொள்கையை அடித்தளமாகக் கொண்டது. இத்தாலியில் யூதர்க்கு எதிரான சட்டங்கள் 1938இல் வந்தன. போர்ச்சுக்கல் நாட்டில் சலசார் மக்கள் வீட்டில் அடங்கியிருப்பதையே விரும்பினார். 1934இல் நீலச்சட்டை இயக்கத்தை அவரே ஒடுக்கினார். இசுபெயினின் பிராங்கோ, பாலாஞ்சிக் கட்சியைக் கருவியாகக் கொண்டாரேனும் படையும் திருச்சபையுமே அவர்க்கு ஊன்றுகோல். இவ்விரண்டும் நம் 'வல்லாட்சி'க்கு அணித்தானவை. எல்லாவற்றையும் பாசிசம் என்றே வசைபாடும் வழக்கம், வேறுபாடறியும் பயிற்சிக்கு இடையூறாம்.

இனி, மொழி பயில்வார்க்கு உரிய பகுதிக்கு வருவோம். இத்தாலிய மொழியில் முன்னிலை ஒருமைக்கு 'தூ', 'வோய்', 'லெய்' என மூன்று சொற்கள் உள. நெருங்கியவரை 'தூ' என்பர். மதிப்புடையாரை 'லெய்' என்பர். அது உண்மையில் 'அவள்' எனப் பொருள்படும் படர்க்கைச் சொல். படர்க்கைச் சொல் முன்னிலையில் மதிப்புக் குறித்தல் நமக்குப் புதிதன்று. 'தாம்', 'தாங்கள்' என்பன இலக்கண நூலார் கூற்றுப்படி படர்க்கையாயினும் இன்று நாம் பெரியோரைத் 'தாங்கள்' என்றே விளிக்கின்றோம். 1938இல் பாசிசக் கட்சி, 'லெய்' அயல்நாட்டார் புகுத்திய அடிமைச் சொல் என்று கூறி அதனை விலக்கி, 'வோய்' வழங்குக என ஆணையிட்டது. 'லெய்' என்னும் பெயரால் மகளிர் இதழ் ஒன்று வந்துகொண்டிருந்தது. அங்கு அச்சொல் 'அவள்' என்று மட்டுமே பொருள்பட்டது. ஆயினும் இதழ் தன் பெயரை 'அன்னபெல்லா' என மாற்றிக்கொண்டது. ஆட்சி வீழ்ந்தது, 'லெய்' இன்றும் வழங்குகின்றது.

அயற்சொல் விலக்கும் இவ்வாறே. 1923இல் அயற்சொல் எழுதிய கடைப்பலகைக்கு வரி விதித்தனர். 1940 டிசம்பரில் அதனைத் தடையே செய்தனர். அரசின் கலைக்கழகம் மாற்றுச் சொற்பட்டியல்களை வெளியிட்டது. அவற்றுட் பலவும் மறைந்தன. ஆனால் மொழிநூற் பேரறிஞர் புரூனோ மில்லியோரினி முப்பதுகளின் தொடக்கத்தில் நாடக நெறியாளர்க்கு ஆக்கித் தந்த 'ரெஜிஸ்தா' என்னும் சொல் நிலைத்துவிட்டது. அது அறிஞர் படைக்க, மக்கள் விரும்பி ஏற்ற சொல். தனித்தமிழில் பற்றுடையேனாகிய யான் இதனை எழுதுங்கால் சிறிது தயக்கம் அடையாமல் இல்லை. 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய இயக்கம் நூலாலும் சொற்பொழிவாலும் மக்களை இசைவித்த இயக்கம். கடைக்காரனுக்குத் தண்டம் விதித்த இயக்கமன்று. எனினும் தூய்மை என்னும் ஒரே சொல் இருவேறு கைகளில் எவ்வாறு பயன்படும் என்பதை நாம் மறத்தல் கூடாது.

ஆணை தாய்மொழிமேற் பாய்ந்த இடம் தென் தைரோல். போருக்குப் பின் ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலி பெற்ற செருமன் மொழிப் பகுதி அது. எத்தொரே தொலோமெய் என்பார் முன்னரே தொகுத்து வைத்திருந்த இத்தாலியப் பெயர்ப் பட்டியலைக் கொண்டு 1923இல் ஊர்களின் பெயரை மாற்றினர். அவ்வாண்டே வந்த பள்ளிச் சட்டம், வகுப்பு வகுப்பாகச் செருமன் வழிக் கல்வியை நீக்கியது. வீட்டுப் பரணிலும் களஞ்சியத்திலும் இளம்பெண்கள் சிறுவர்க்கு மறைவாக எழுத்தறிவித்தனர். அவை 'நிலவறைப் பள்ளிகள்' எனப்பட்டன. அகப்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். அப்பள்ளிச் சட்டத்தை இயற்றியவர் யாவர்? தத்துவப் பேராசிரியரும் கல்வி அமைச்சருமாகிய ஜென்டீலே. இத்தாலியக் கலைக்களஞ்சியத்தின் பதினான்காம் தொகுதியில் 1932இல் முசோலினி பெயரால் வெளிவந்த 'பாசிசம்' என்னும் கட்டுரையின் முற்பகுதியை எழுதியவரும் அவரே. அரசுக்கு வெளியே மாந்தர்க்கு மதிப்புடைய பொருள் ஏதுமில்லை என்பது அதன் சாரம். செங்கோன்மை எனவும் கொடுங்கோன்மை எனவும் அளப்பதற்கு உரிய முறை, கோலுக்கு வெளியே இல்லை என்று ஆகிவிடுகின்றது.

1931 ஆகஸ்டு 28ஆம் நாள் ஆணை பல்கலைக்கழகப் பேராசிரியர்களை நோக்கி வந்தது. மன்னர்க்கு மட்டுமன்றிப் பாசிச ஆட்சிக்கும் உண்மையுடன் ஒழுகுவதாகவும், அவ்வாட்சிக்குப் பற்றுள்ள குடிமக்களை உருவாக்குவதாகவும் அவர்கள் சூளுரைக்க வேண்டும். பேராசிரியர் ஏறத்தாழ 1,200 பேர். மறுத்தவர் பன்னிருவர், சிலர் கணக்கில் மேலும் இரண்டொருவர் கூடுவர்.

எஞ்சியோரைப் பழித்தல் எளிது. பல்கலைக்கழக ஊதியத்தில் குடும்பம் நடத்தும் யான் அதனைச் செய்யத் துணியேன். கையெழுத்திட்டாருள் பலர் பாசிசத்தை உள்ளூர வெறுத்தவர். மாணவரைக் கைவிடலாகாது என்று குரோச்சே என்னும் பேரறிஞர் சிலர்க்கு அறிவுரை கூறினார். பொதுவுடைமைக் கட்சியும் தன்னைச் சார்ந்தார்க்கு அவ்வாறே சொல்லியது. இலத்தீன் இலக்கியப் பேராசிரியர் மார்க்கேசி அவ்வழியே சூளுரைத்தார். 1943இல் பதுவா பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபொழுது, செருமன் ஆதிக்கத்தை எதிர்த்து எழுமாறு மாணவர்க்கு அறைகூவல் விடுத்துவிட்டுத் தலைமறைவானவரும் அவரே. ஆதலின் கையெழுத்து ஒன்றைக் கொண்டே ஒருவரை அளந்துவிட இயலாது. எனினும் அப்பன்னிருவரின் மறுப்பு, எஞ்சியோர் கையெழுத்து விருப்பத்தால் இட்டதன்று என்பதை உலகுக்குக் காட்டிவிட்டது. எவரும் மறுத்திராவிடின் அது மனமொப்பிய இசைவாகவே ஏடுகளில் நின்றிருக்கும்.

அப்பன்னிருவர் ஒரு கட்சியினர் அல்லர். வொல்தெர்ரா கணித மேதை. லெவி தெல்லா விதா செமித்திய மொழிகளின் பேராசிரியர். மார்த்தினேத்தி மெய்ப்பொருளறிஞர், இளமையில் நம் நாட்டுச் சாங்கிய நெறியைப் பற்றி ஒரு நூல் எழுதியவர். பிரான்செஸ்கோ ருப்பினியும் அவர் மகன் எதுவார்தோவும் தந்தையும் மகனுமாக மறுத்தனர். அனைவரும் பதவி இழந்தனர்.

அவர்களுள் ஒருவர் கயெத்தானோ தெ சாங்க்தீஸ். உரோமரின் வரலாற்றை 1907 முதல் தொகுதி தொகுதியாக எழுதிவந்தவர். நகர எல்லையில் கோடரியை எடுத்துவிடும் வழக்கத்தையும் அதன் பொருளையும் அவரினும் நன்கு அறிந்தார் அந்நாட்டிற் சிலரே. ஆட்சியினர் எந்தப் பழஞ்சின்னத்தைத் தபால் தலையிலும் கட்டடத்திலும் பொறித்தார்களோ, அச்சின்னத்தின் வரலாற்றாசிரியர் அவர்களுக்குச் சூளுரைக்க மறுத்தார். போரின் இறுதியில் அவர் பல்கலைக்கழகப் பதவியை மீண்டும் பெற்றார். 1947இல், 'பாசிசம்' என்னும் கட்டுரையை வெளியிட்ட அதே கலைக்களஞ்சிய நிறுவனத்துக்குத் தலைவராக அமர்ந்து, 1954 வரை அப்பணியை ஆற்றினார்.